விழாவும் வேரும்

நன்றியறிதல் தனிமனிதருக்கு உரிய பண்பு என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. உணவளித்தவரை மறப்பது பழி. அறிவளித்த ஆசானை மறப்பது அதனினும் பெரும்பழி. செய்ந்நன்றியறிதலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். ஆயின், இக்கடமை சமயங்களுக்கும் உண்டா? ஒரு சமயத்தின் விழா பிறிதொரு சமயத்தின் மண்ணில் முளைத்ததாயின், அதனை ஒப்புக்கொள்வது அவ்விழாவைச் சிறுமைப்படுத்துமா? கிறித்தவ விழா ஒன்றும், அதனைத் தீட்டிய சமயக் கலையும் இவ்வினாவுக்கு விடை காண உதவும்.

பிப்ரவரி 2ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை, குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த நிகழ்ச்சியை விழாவாகக் கொண்டாடுகிறது. மெழுகுவர்த்திகள் மந்திரிக்கப்பட்டு, ஒளியேந்திய பவனி நடைபெறும். கிறிஸ்து பிறப்பு விழாவை முதல் நாளாகக் கொண்டு எண்ணினால் அது 40ஆம் நாள். 40 என்னும் எண் எங்கிருந்து வந்தது? யூதரின் திருச்சட்டத்திலிருந்து வந்தது. ஆண்மகவை ஈன்ற தாய், 7 நாளும் பின்னர் 33 நாளும் கழிந்தபின், ஓராண்டு ஆட்டுக்குட்டி ஒன்றையும் புறா ஒன்றையும் காணிக்கையாகக் கொணர வேண்டும் என்று லேவியராகமம் விதிக்கிறது. ஆட்டுக்கு வசதியற்றவள் இரண்டு புறாக்களைக் கொணர்ந்தால் போதும். மரியாளின் காணிக்கையைக் கூறுமிடத்தில் லூக்கா எடுத்துக்காட்டுவது இவ்வேழையின் காணிக்கையையே. தலைப்பேறான ஆண்மகவு இறைவனுக்கு உரியது என்னும் மற்றொரு விதியையும் அவர் அங்கே நினைவூட்டுகிறார். குழந்தையைக் கையில் ஏந்திப் பிற இனத்தார்க்கும் ஒளியாவான் என வாழ்த்திய முதியவர் சிமியோன் யூதர். உடனிருந்த கைம்பெண் அன்னாவும் யூதப் பெண்மணியே. அன்று எருசலேம் ஆலயத்தில் நடந்தது முற்றிலும் ஒரு யூதக் குடும்பத்தின் கடமை.

இதனைச் சமயக் கலை மறக்கவில்லை என்பதற்கு இத்தாலிய ஓவியர் அம்புரோசியோ லொரன்செத்தி சான்று. சியெனா நகரப் பேராலயத்திற்காக அவர் 1342இல் தீட்டிய ஓவியம், இன்று புளோரன்ஸ் நகரின் உஃபீசி கலைக்கூடத்தில் உள்ளது. ஓவியத்தில் எருசலேம் ஆலயம் அவர் காலத்துக் கிறித்தவத் தேவாலயம் போன்றே எழுந்து நிற்கிறது. எனினும் மேற்புறத்தில் மோசேயும் மலாக்கியும் ஏடு ஏந்தி நிற்கின்றனர். மோசேயின் ஏட்டில் இருப்பது இரண்டு புறாக்களைப் பற்றிய விதி. கட்டடத்தைத் தம் ஊர்க் கட்டடமாக மாற்றிய ஓவியர், சட்டத்தை அதற்கு உரியவரின் கையிலேயே விட்டுவைத்தார்.

ஆயின், அதே கலை வேரைப் பழித்ததும் உண்டு. ஸ்திராஸ்பூர் பேராலயத்தின் வாயிலில் 1230ஆம் ஆண்டையொட்டி இரு பெண் சிலைகள் நிறுவப்பட்டன. திருச்சபையைக் குறிக்கும் பெண் முடி சூடி நிமிர்ந்து நிற்கிறாள். யூத சமயத்தைக் குறிக்கும் பெண்ணின் கண்கள் துணியால் கட்டப்பட்டுள்ளன; அவளது ஈட்டி முறிந்திருக்கிறது. 1349 பிப்ரவரி 14ஆம் நாள், கிணறுகளில் நஞ்சிட்டனர் என்னும் பொய்ப்பழிக்கு ஆளாகி, அந்நகரின் யூதர் பலர் தீயிலிடப்பட்டனர். கல்லில் வடித்த சிலை கொலை செய்யாது என்பது உண்மையே. எனினும், அயலாரைக் குருடர் எனக் காட்டும் உருவைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வளர்ந்தோர் உள்ளத்தில் இரக்கம் வற்றிப்போவது வியப்பன்று. யூதத் தாயொருத்தியின் காணிக்கையை விழாவாகக் கொண்டாடி 12 நாள்களே கழிந்த நிலையில் அக்கொடுமை நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது.

இச்சிலைக்கு மறுமொழி போல அமைந்தது, ரெம்பிராண்ட் தம் இறுதி ஆண்டாகிய 1669இல் வரைந்து, முற்றுப்பெறாமல் விட்டுச்சென்ற சிமியோன் ஓவியம். ஆம்ஸ்டர்டாமில் யூதர் மிகுந்து வாழ்ந்த பகுதியில் பல்லாண்டு குடியிருந்தவர் அவர். முதியவரின் இமைகள் ஏறத்தாழ மூடியுள்ளன. எனினும் கைக்குழந்தையின் பெருமையைக் கண்டுகொண்டவர் அவர். கண் கட்டப்பட்டதாகக் காட்டப்பட்ட சமயத்தின் முதியவர் ஒருவரன்றோ இங்கே காண்பவராகிறார்!

விழாவின் பொருள் கொண்டாடுவோரின் நம்பிக்கையைப் பொறுத்ததாயிற்றே, வேரைத் தேடுவது வரலாற்றாசிரியர் பணியன்றோ எனச் சிலர் வினவலாம். பொருள் வேறுபடலாம், வேறுபாட்டை மறைக்கவும் வேண்டியதில்லை. ஆயின், வேரை ஒப்புக்கொள்வதிலும் ஒரு பிழை நேரக்கூடும். "உங்கள் சமயம் எங்கள் சமயத்திற்கு முன்னுரை மட்டுமே" என்று கூறுவது நன்றியாகாது. அது உடைமையைக் கவர்ந்துகொள்வதாகும். யூத சமயம் இன்றும் தழைத்து நிற்கும் மரம். தலைப்பேறான ஆண்மகவை வெள்ளிக் காசு கொடுத்து மீட்கும் சடங்கை யூதக் குடும்பங்கள் இன்றும் நடத்துகின்றன. கடன்பட்டதை ஒப்புவதோடு, கடன் தந்தவரை அவராகவே வாழவிடுவதும் நன்றியின் பகுதியாகும்.

இவ்வுணர்வு 1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கையில் இடம்பெற்றது. அதன் 50ஆம் ஆண்டு நினைவாக, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள புனித சூசையப்பர் பல்கலைக்கழகத்தில் சிற்பி ஜோசுவா காஃப்மன் வடித்த சிலைகள் 2015இல் நிறுவப்பட்டன. அன்றைய திருத்தந்தை பிரான்சிஸ் அவற்றை ஆசீர்வதித்தார். பழைய இரு பெண்களே இங்கும் உள்ளனர். ஆயின், ஒருத்தி நிமிர்ந்தும் மற்றவள் தலைகவிழ்ந்தும் நிற்கவில்லை. இருவரும் முடி சூடி, அருகருகே அமர்ந்து, ஒருவர் கையிலுள்ள மறைநூலை மற்றவர் நோக்குகின்றனர். கண்கட்டு இல்லை.

கல்லும் வண்ணமும் மனிதர் உள்ளத்தில் உள்ளதையே காட்டும். உள்ளத்தில் செருக்கு இருந்தால் கலை அயலாரின் கண்ணைக் கட்டும். நன்றி இருந்தால் அக்கட்டை அவிழ்க்கும். வேரைப் போற்றுவதால் மலரின் மணம் குறைவதில்லை. தம் விழா எம்மண்ணில் முளைத்தது என அறிந்து, அம்மண்ணுக்கு உரியோரை மதிப்பவரே விழாவின் பயனை முழுமையாகப் பெற்றவர் ஆவர்.