சிறைவாசியின் இரு நூல்கள்

துன்ப வேளையில் மனிதனுக்கு ஆறுதல் எங்கிருந்து வருகிறது? கோவிலிலிருந்து, குருவானவரிடமிருந்து, உற்றார் உறவினரிடமிருந்து என்று நாம் எளிதாகப் பதில் சொல்லிவிடுவோம். ஆனால் கோவிலும் இல்லை, குருவும் இல்லை, தன் மொழி பேசும் உறவினர் ஒருவரும் அருகில் இல்லை என்ற நிலையில் ஒரு கிறிஸ்தவன் விடப்பட்டால், அவனுடைய விசுவாசம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

இக்கேள்விக்கு நமது கண்டி இராச்சியத்தின் வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது. 360 ஆண்டுகளுக்கு முன் இங்கே கைதியாய் வாழ்ந்த ஓர் ஆங்கில வாலிபர் அதை எழுதி வைத்துச் சென்றிருக்கிறார். அவர் கத்தோலிக்கர் அல்லர். அவரைத் தேற்றிய நூல்களும் நம்மவர் எழுதியவை அல்ல. இங்கிலாந்தின் சீர்திருத்தச் சபையில் பழைய வழிபாட்டின் சாயல் எதுவும் மிஞ்சக்கூடாது என்று நின்ற பியூரிட்டன் என்னும் தூய்மைவாதிகளின் நூல்கள் அவை. ஆயினும் துன்புறும் ஆன்மாவைப் பற்றி அவ்வரலாறு கற்பிப்பது நம் குடும்பங்களுக்கும் பயன் தரக்கூடியது.

ஏழு கோறளையில் ஒரு கல்லறை

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்னும் கப்பல், 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்துக் கடலில் புயலுக்குள் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. பழுதுபார்ப்பதற்காக அது திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாற்றுக் குடாவில் வந்து நின்றது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும், அவருடைய மகனையும், மாலுமிகள் பலரையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தந்தை, மகன் இருவருக்கும் றொபேட் நொக்ஸ் என்பதே பெயர். மகனுக்கு அப்போது வயது 19.

மன்னன் அவர்களைச் சங்கிலியிட்டு அடைக்கவில்லை. ஊர் ஊராகப் பிரித்துவிட்டு, ஊரவர்கள் உணவு கொடுக்கவேண்டும் என்று கட்டளையிட்டான். மலையும் காடும் காவற்கடவைகளுமே அவர்களுக்குச் சிறைச் சுவர்கள். நொக்ஸ் தந்தையும் மகனும் இன்றைய குருநாகல் மாவட்டத்திலுள்ள பண்டார கொஸ்வத்தையில் விடப்பட்டார்கள். இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. 1661ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் தந்தை இறந்துபோனார். அடக்கம் செய்ய உதவி கேட்டபோது, ஊரவர்கள் மாடு கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து, பிணத்தைக் கழுத்தில் கட்டி இழுத்துக் காட்டில் போடலாம் என்றார்கள். காய்ச்சலால் நிற்கவும் வலுவில்லாத மகன் அதற்கு உடன்படாமல், கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்துத் தந்தையை முறைப்படி புதைத்தார். அதன்பின் பல மாதங்கள் அவரும் அதே நோயில் கிடந்தார்.

அவரிடம் மிஞ்சியிருந்தவை இரண்டு நூல்கள். ஒன்று, ஆயர் லூயிஸ் பெய்லி எழுதிய ‘பக்தி முயற்சி’. காலையிலும் மாலையிலும், நோய்ப்படுக்கையிலும் மரண வேளையிலும் ஒருவன் தியானிக்கவும் செபிக்கவும் வேண்டியவற்றை எடுத்துரைப்பது. மற்றது, எசெக்ஸ் நாட்டுப் போதகர் றிச்சட் றொஜர்ஸ் 1603இல் வெளியிட்ட ‘ஏழு ஆய்வுரைகள்’. நாளை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்று கிறிஸ்தவனுக்குக் கைபிடித்துக் கற்பிப்பது. மத்தியான உணவுக்குப்பின் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு வயல்வெளிக்குப் போய், ஒரு மரத்தடியில் அமர்ந்து பொழுதுசாயும் வரை வாசிப்பதும் தியானிப்பதும் நொக்ஸின் வழக்கமாயிற்று. ஏறத்தாழ இரு நூல்களும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டன.

ஒரே ஊற்று

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றை அறிந்துகொள்வது நல்லது. இத்தகைய பக்தி நூல்கள் பிறந்ததற்கு நம்மவர்களும் ஒரு காரணம். றொபேட் பேர்சன்ஸ் என்னும் இயேசுசபைக் குரு, மனந்திரும்பி வாழ்வதற்கு வழிகாட்டும் நூலொன்றை 1582இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குள் எட்மண்ட் பனி என்னும் புரட்டஸ்தாந்து போதகர், அதில் கத்தோலிக்கப் போதனைகளாகத் தமக்குப் பட்டவற்றை நீக்கிவிட்டு, மற்றதைத் தம் மக்களுக்காக அச்சிட்டார். அது மிகப் பரவலாக வாசிக்கப்பட்டது. நாளாந்த பக்திக்கு வழிகாட்டும் நூல் உங்களிடம் இல்லையே என்று கத்தோலிக்கர் குறைசொன்னது றொஜர்சையும் சுட்டது. அக்குறையைப் போக்கவும் அவர் பேனா எடுத்தார்.

போட்டியால் எழுந்ததாயினும் ஊற்று ஒன்றுதான். பிரிந்த சகோதரர்களிடம் காணப்படும் உண்மையான கிறிஸ்தவச் செல்வங்களைக் கத்தோலிக்கர் மகிழ்ச்சியோடு ஏற்று மதிக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964இல் கற்பித்தது. பண்டார கொஸ்வத்தையில் ஒரு மரத்தடியில் இருந்த வாலிபரிடம் அச்செல்வங்களில் ஒன்றை நாம் காண்கிறோம்.

ஆறுதல் என்றால் என்ன?

அந்நூல்கள் அவருக்கு என்ன செய்தன? அவருடைய காய்ச்சலை அவை குணப்படுத்தவில்லை. விடுதலை வரும் நாளையும் சொல்லவில்லை. இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் கீழ் இருந்து வேண்டியதுபோல, ஆண்டவர் தம் உயிரை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று தாம் பலமுறை வேண்டியதாக நொக்ஸ் மறைக்காமல் எழுதுகிறார். பக்தி நூல்களை மனப்பாடமாக அறிந்தவரே சாவை வேண்டினார் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

ஆனால் அந்த வேண்டுதலையும் அவர் ஆண்டவரிடமே சொன்னார். தன் வேதனைக்கு எலியாவின் பெயரைச் சூட்ட அவருக்குத் தெரிந்திருந்தது. தனக்கு முன் ஒரு பரிசுத்தவானும் இப்படி உடைந்துபோனார் என்று அறிந்த மனிதன் முற்றிலும் தனியனல்லன். வாய் பேசமுடியாத துயரத்துக்கு வார்த்தை கொடுப்பதும், ஒழுங்கு குலைந்த நாளுக்கு ஓர் ஒழுங்கு கொடுப்பதுமே அந்நூல்கள் செய்த உதவி. உணவுக்குப்பின் மரத்தடிக்குப் போகவேண்டும் என்ற அந்தச் சிறு கடமை, எத்தனையோ நாள் அவரை எழுந்து நடக்கவைத்தது.

தூய்மைவாத எழுத்தாளர்களுள் சிறந்தவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். நெரிந்த நாணலை முறியாதவர் என்று எசாயா ஆகமம் ஆண்டவரின் ஊழியரைப் பற்றிக் கூறுவதை எடுத்துக்கொண்டு, றிச்சட் சிப்ஸ் என்பவர் 1630இல் ஒரு முழு நூலே வெளியிட்டார். புகை மட்டும் தெரியும் திரியிலும் நெருப்பு இருக்கிறது. பக்தி உணர்ச்சி வற்றிப்போனது விசுவாசம் செத்துப்போனதற்கு அடையாளம் அல்ல என்பதே அதன் சாரம். தொலேதோ நகரில் 1577-78இல் சிறையிலிருந்த புனித சிலுவை அருளப்பரும், ஆன்மாவின் இருண்ட இரவைப் பற்றிப் போதித்தபோது வேறு பாதையால் வந்து ஏறத்தாழ இந்த இடத்தையே அடைந்தார்.

ஆயினும் தூய்மைவாதிகளின் வழியில் ஓர் ஆபத்தும் இருந்தது. தான் மீட்புக்குத் தெரிவு செய்யப்பட்டவனா என்பதற்கு அடையாளம் தேடித் தன் உள்ளத்தையே ஓயாமல் துருவிய பலர், ஆறுதலுக்குப் பதிலாகக் கலக்கத்தையே கண்டார்கள். மிகுந்த மனச்சாட்சிக் குழப்பத்தால் வருந்துவோர் நம்மிடையேயும் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் குருவின் வாயால் மன்னிப்பைக் கேட்பதும், நற்கருணையைக் கையேந்திப் பெறுவதும் எத்துணை பெரிய வரம் என்பதை இதனால் நாம் உணரலாம்.

ஒரு தொப்பியின் விலை

ஒருநாள் நொக்ஸ் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, வழியே வந்த ஒரு முதியவர், இவருக்கு வாசிக்கத் தெரியுமா என்று இவருடைய வேலைக்காரச் சிறுவனிடம் விசாரித்தார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில் தமக்குக் கிடைத்த ஒரு புத்தகம் இருக்கிறது, விற்கலாம் என்றார். போய்ப் பார்த்த சிறுவன் அது விவிலியம் என்று கண்டுகொண்டான்; அதுவும் ஆங்கில விவிலியம்! தூண்டிலை எறிந்துவிட்டு ஓடிய நொக்ஸ் அதைக் கையில் வாங்கியதும் திறந்த இடம், அப்போஸ்தலர் பணி 16ஆம் அதிகாரம். சின்னப்பரும் சீலாவும் சிறையிருந்த இரவில், மீட்படையத் தான் செய்யவேண்டியது யாது என்று சிறைக்காவலன் கேட்கும் இடம் அது. தம்மிடமிருந்த ஒரேயொரு வராகனையும் கொடுத்துவிட அவர் துடித்தார். சிறுவனோ அவரைத் தடுத்து, ஆவல் காட்டாமல் இருக்கும்படி சொல்லி, நூலால் பின்னிய ஒரு தொப்பிக்கு அதை வாங்கிக் கொடுத்தான்.

இந்தச் சிறுவன் யார்? பரங்கிப்பேட்டையிலிருந்து கப்பல் தலைவர் தம் பணிவிடைக்காகக் கூட்டிவந்தவன். சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டு, தன் எசமானர்களோடு தானும் சிறைப்பட்டவன். தந்தையின் அடக்கத்துக்கு ஆள் தேடிப் போனவனும் அவன்தான். அவனுடைய பெயரை நொக்ஸின் நூல் நமக்குச் சொல்லவில்லை. தேற்றப்பட்டவர் பெயர் 1681ஆம் ஆண்டு முதல் உலகமெங்கும் வாசிக்கப்படுகிறது. தேற்றத்தைத் தேடிக் கொண்டுவந்து கையில் கொடுத்தவன் பெயரற்றுப் போனான்.

இங்கேதான் நம் உள்ளத்தைத் தைக்கும் கேள்வி எழுகிறது. நொக்ஸ் பின்னர் கண்டிக்குத் தெற்கே உடுநுவரையிலுள்ள எலதத்தையில் காணி வாங்கி, தொப்பி பின்னியும் நெல்லைக் கடன் கொடுத்தும் வாழ்ந்தார். 1679இல் ஒரு தோழரோடு அனுராதபுரம் வழியாகக் காட்டாற்றோரம் நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அடிமைபோல் வாழ்ந்த அதே மனிதர், 1680களில் கப்பல் தலைவராகி, சென்ற் ஹெலேனா தீவுக்காக மடகஸ்காரில் அடிமைகளை வாங்கப் போனார். தன் சிறையில் ஆண்டவரின் குரலைக் கேட்டவர், தன் கப்பலின் அடித்தட்டில் எழுந்த அழுகுரலைக் கேட்கவில்லை. நம்மவர்களும் இதில் கல்லெறிய முடியாது. கத்தோலிக்கரான போர்த்துக்கேயரும் அடிமை வியாபாரம் செய்தவர்களே.

ஆகவே ஆறுதல் உண்மையானதா என்பதற்கு இரண்டாவது ஓர் உரைகல் வேண்டும். அது என்னைத் தூக்கி நிறுத்தியதா என்பது முதல் கேள்வி. நிமிர்ந்து நின்ற நான் யாரைத் தூக்கினேன் என்பது அடுத்த கேள்வி.

நொக்ஸ் தப்பிப்போய் 13 ஆண்டுகளின் பின், 1692இல், இன்னொரு கைதி கண்டிக்குக் கொண்டுவரப்பட்டார். ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்ட புனித யோசேவாஸ் அடிகளார்தான் அவர். 1697இல் கண்டியில் வைசூரி பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, அவரும் அவருடைய மருமகனான குருவும் சாதி சமயம் பாராது அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரைப் புதைத்தார்கள். அவருக்குத் துணையாக 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள், குருக்கள் எட்டமுடியாத வீடுகளுக்காகச் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் நம் கோவில்களில் இன்றும் வாசிக்கப்படுகிறது. தாம் பெற்ற ஆறுதலை அவர்கள் பிறருக்குப் பகிர்ந்தளித்தார்கள்.

நம் வீடுகளில்

அன்பார்ந்த வாசகர்களே, உயிரோடிருப்பதே பாரமாகிவிட்டது என்று எண்ணுவோர் நம் பங்குகளிலும், நம் தோட்டங்களிலும், சிலவேளை நம் வீட்டிலேயும் இருக்கிறார்கள். 1990களின் நடுப்பகுதியில், உலகிலே தற்கொலை மிகுந்த நாடுகளுள் ஒன்றாக நம் இலங்கை இருந்தது. அப்படிப்பட்டவரிடம், ‘உனக்கு விசுவாசம் போதாது, அதிகம் செபி’ என்று கடிந்துகொள்வது நெரிந்த நாணலை முறிப்பதாகும். எலியா சாவை வேண்டியபோது ஆண்டவருடைய தூதர் அவரைத் திட்டவில்லை. தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்கவிட்டார். நாமும் அதைச் செய்வோம். அருகே அமர்ந்து கேட்போம், உண்ணச் செய்வோம், தயங்காமல் வைத்தியரிடம் கூட்டிச்செல்வோம், குருவானவருக்கும் அறிவிப்போம்.

வீட்டிலே விவிலியமும் ஒரு செபப்புத்தகமும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். சுகமான நாட்களில் பிள்ளைகளோடு சேர்ந்து நாள்தோறும் சிறிது வாசிப்போம். காய்ச்சலில் தலை தூக்கமுடியாத நாளில் நொக்ஸுக்கு உதவியவை, அதற்குமுன் நெஞ்சில் பதிந்திருந்த வார்த்தைகளே. அவ்வார்த்தைகளால் நாம் தேறும்போது, நமக்காக ஓடித்திரியும் பெயரறியாச் சிறுவர்கள் யார் என்பதையும் சுற்றிப் பார்ப்போம். நம் வீட்டில் வேலை செய்பவர்களின் பெயரை நம் செபத்தில் சேர்த்துக்கொள்வதிலிருந்து இதை இன்றிரவே தொடங்கலாம்.