வெறுங்காலும் சமநீதியும்

தோற்ற அணி அன்றே வெளியேறும் போட்டியாகக் கொல்கத்தாவில் 1893இல் தொடங்கியது ஐ.எஃப்.ஏ. கேடயம். 1911 சூலை 29 அன்று அதன் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் கழகம், கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை 2–1 என வென்றது. ஆங்கிலேயர் காலணியோடு ஆட, நம்மவருள் பதின்மர் வெறுங்காலோடு ஆடினர். காலணி அணிந்த ஒரே வீரர் சுதிர் சட்டர்ஜி, அவர் கிறிஸ்தவர்.

ஒரே திடல், ஒரே பந்து, ஒரே விதி. இது சமநீதியா? வெறுங்கால் ஆட்டம் அன்றைய பழக்கமும்கூட என்பது மெய்யே. ஆயினும் மழையில் நனைந்த திடல் யாருக்குச் சாதகம்? எளியவர் ஒருமுறை வென்றுவிட்டால், அந்த வெற்றியைக் காட்டியே அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை என்று சொல்லிவிடுகிறோம். தோற்ற எளியவரையோ எவரும் எண்ணுவதில்லை.

1925–26இல் தொடங்கிய சுவிட்சர்லாந்துக் கோப்பையில் கீழ்ப்பிரிவுக் கழகத்தின் திடலுக்கே மேற்பிரிவுக் கழகம் சென்று ஆட வேண்டும். கோல் எதுவும் இனாமில்லை. பெரியவர் பயணம் செய்கிறார், அவ்வளவே. 2025இல் மூன்றாம் பிரிவுக் கழகமான பியல், அரையிறுதியில் யங் பாய்சைத் தன் ஊரிலேயே வென்றது. இறுதியில் பாசெலிடம் 1–4 எனத் தோற்றது.

இது சலுகை என்று முணுமுணுப்போர் உண்டு. கடைசி மணி நேர வேலையாளுக்கும் முழுக்கூலி கிடைத்தபோது திராட்சைத் தோட்டத்தில் முணுமுணுத்தவர்களும் சமநீதியைத்தான் பேசினர்.

செஞ்சி வட்டாரத்தில் பங்குத் திருவிழாவுக்குச் சுழற்கோப்பை நடத்துவோர், நகரத்து அணியை ஒருமுறை சீயமங்கலத்திற்குப் பேருந்தேற்றி அனுப்பிப் பார்க்கலாம்.