கடல் காணச் செல்லுமுன்

அரையாண்டு விடுமுறையில் இரண்டு நாள் கன்னியாகுமரிக்குச் சென்று வரலாம் என்று எங்கள் தெருவில் ஐந்து குடும்பத்தார் கூடிப் பேசினோம். சங்கரன்கோவிலிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு வழியாக வேனில் சென்றால் மூன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். இதில் ஆழ்ந்து சிந்திப்பதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கக்கூடும். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆயினும் ஒரு மாலையில் முடியவேண்டிய பேச்சு மூன்று மாலைகள் நீண்டது. வேன் வாடகையைக் குறித்து எந்தத் தகராறும் எழவில்லை. எதைப் பார்ப்பது, யார் பார்ப்பது என்ற இரண்டு கேள்விகளே எங்களைத் திணற வைத்தன.

எங்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் கோடு போட்ட முழுத்தாள் ஒன்றில் பயணத் திட்டத்தை அழகிய கையெழுத்தில் எழுதி வந்திருந்தார். விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, அவ்விரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், காந்தி மண்டபம், வட்டக்கோட்டை, சுசீந்திரம், கோட்டாறு சவேரியார் பேராலயம், புனித தேவசகாயம் 1752இல் உயிர் நீத்த காற்றாடிமலை, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, முட்டம் என்று மொத்தம் பன்னிரண்டு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் குறித்திருந்தார். காந்தி மண்டபத்திற்கு இருபது நிமிடம். அருவியில் குளித்துத் தலை துவட்ட நாற்பது நிமிடம். குறை சொல்ல இடமில்லாத தாள். அதைக் கையில் வாங்கியபோது பாதிப் பயணம் முடிந்துவிட்டதைப் போன்ற நிறைவு எங்களுக்கு ஏற்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது.

அப்போது திண்ணையின் ஓரத்தில் அமர்ந்து கேட்டுக் கொண்டிருந்த ஆச்சி ஒருவர், "வாத்தியாரய்யா, இதுல கடலுக்கு எந்நேரம் போட்டிருக்கீக?" என்று கேட்டார்.

தாளை மேலும் கீழும் பார்த்தோம். கடலுக்கு நேரம் குறிக்கப்படவில்லை. பாறைக்குச் செல்லும்போது படகிலிருந்து கடல் தெரியும், முட்டத்திலும் தெரியும், வட்டக்கோட்டை மதிலிலிருந்தும் தெரியும். ஆனால் கடலுக்கென்று, கரையில் சும்மா அமர்ந்திருப்பதற்கென்று, ஒரு வரியும் இல்லை. ஆச்சிக்கு எழுபது வயதிருக்கும். விசைத்தறி வீடொன்றில் தார் சுற்றுகிறார். நாளெல்லாம் தறிகளின் ஓசைக்கு நடுவே வாழ்ந்து, கேட்கும் திறன் சற்றே குறைந்தவர். சங்கரன்கோவிலைத் தாண்டித் திருநெல்வேலி வரை சிலமுறை போயிருக்கிறார், அதுவும் மருத்துவமனைக்கு. கடலை அவர் இதுவரை பார்த்ததில்லை.

அவரை நாங்கள் பயணத்திற்கு அழைத்திருந்தோமா? அழைத்திருந்தோம். "நீங்களும் வாருங்கள்" என்று வாயாரச் சொல்லியிருந்தோம். அவரோ, "நான் வீடுகளைப் பார்த்துக்கிடுதேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக் கொண்டோம்; சொல்லப் போனால் எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னரே தாளை மறுபடியும் படித்தோம். பன்னிரண்டு இடங்களில் எத்தனை படிகள், எத்தனை வரிசைகள், எத்தனை ஏற்ற இறக்கங்கள்! முழங்கால் வலியுள்ள ஒருவர் இரண்டாம் இடத்திலேயே வேனில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். அதுமட்டுமன்று. தறித் தொழிலில் செய்த வேலைக்குத்தான் கூலி. இரண்டு நாள் வராவிட்டால் இரண்டு நாள் காசு இல்லை. அதற்கு மேல் வேன் பங்கும் தர வேண்டும். 'நீங்கள் வர வேண்டாம்' என்று எங்களில் எவரும் சொல்லவில்லை. எங்களுக்காகத் தாளே அதைச் சொல்லிவிட்டது.

ஒரு திட்டம் தீட்டும்போது நாம் இடங்களைத்தான் தேர்வு செய்கிறோம் என்று எண்ணுகிறோம். உண்மையில் ஆட்களையும் தேர்வு செய்துவிடுகிறோம். வேகமாக நடக்கக்கூடியவர், கூலி இழக்கத் தேவையில்லாதவர், படியேற மூச்சு வாங்காதவர் ஆகியோருக்கு ஏற்றபடி நேரத்தைக் குறித்துவிட்டு, மற்றவர்களைக் கனிவோடு அழைக்கிறோம். அவர்கள் மறுத்தால், மறுத்தது அவர்கள்தாமே என்று மனத்தை ஆற்றிக் கொள்கிறோம். குடும்பப் பயணத்தில் மட்டுமா இது நடக்கிறது? பங்கின் திருப்பயணங்களிலும், அன்பியத்தின் ஒன்றுகூடல்களிலும் இப்படி எத்தனை பேரை மரியாதையாக வீட்டில் விட்டுச் சென்றிருக்கிறோமோ!

இரண்டாம் மாலை வேறொரு கேள்வி எழுந்தது. இத்தகைய உல்லாசத்திற்குச் செலவு செய்வதே முறையா, அப்பணத்தை ஏழைக்குக் கொடுத்தால் என்ன என்று பெரியவர் ஒருவர் கேட்டார். பெத்தானியாவில் நறுமணத் தைலத்தைப் பார்த்து ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டவர் யார் என்பது நினைவுக்கு வந்தாலும், பெரியவர் முகத்துக்கு நேரே அதை எப்படிச் சொல்வது? ஆனால் அவருடைய ஐயம் பழைமையானது, மதிக்கத்தக்கது. மலைகளையும் கடலலைகளையும் வியக்க ஓடும் மனிதர் தம்மையே மறந்து போகிறார்கள் என்று புனித அகுஸ்தீன் தம் 'ஒப்புரவு' நூலில் வருந்தியிருக்கிறார். 1336 ஏப்ரல் 26 அன்று பெத்ரார்க் என்னும் இத்தாலியக் கவிஞர் தெற்குப் பிரான்சில் வாந்தூ மலையுச்சியில் நின்று, கையோடு கொண்டு சென்ற அந்நூலைத் திறந்தபோது சரியாக அவ்வரிகளே கண்ணில் பட்டன என்றும், தாம் வெட்கினார் என்றும் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார்.

அகுஸ்தீனோடு வாதாட நாம் யார்? இருந்தாலும் ஒன்று தோன்றுகிறது. காட்சிகளில் மூழ்கித் தன்னை மறப்பவரை நோக்கி அவர் அதைச் சொன்னார். வாழ்நாளில் ஒருமுறையும் அப்படி மூழ்க வாய்க்காதவரை நோக்கி அதையே சொல்வது பொருந்துமா? நம் ஆச்சிக்குத் தம்மை மறக்கும் ஆபத்து எதுவும் நேரவில்லை. தம் முழங்காலையும், தார் எண்ணிக்கையையும், சனிக்கிழமைக் கணக்கையும் அவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

பிரான்சில் 1936 ஜூனில் தொழிலாளருக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுப்பு வழங்கும் சட்டம் வந்தது. அந்தக் கோடையிலேயே குறைந்த கட்டணத்தில் ரயில் பயணச்சீட்டும் தரப்பட்டது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் பல அவ்வாண்டில்தான் முதன்முறையாகக் கடலைக் கண்டன. கடற்கரை உல்லாச நகரங்களில் வழக்கமாகத் தங்கிவந்த செல்வர் சிலர் அந்தக் கூட்டத்தைக் கண்டு முகம் சுளித்தார்களாம். 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் தன் 24ஆம் பிரிவில் ஓய்வையும், ஊதியத்தோடு கூடிய விடுமுறையையும் எல்லா மனிதருக்கும் உரிய உரிமையாக வைத்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1891இல், திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றிய தம் சுற்றுமடலில் உழைப்பவருக்கு ஓய்வு தரப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். உரிமை எழுத்தில் இருக்கிறது. சுற்றிய தாருக்கு எண்ணிக் காசு வாங்குகிறவருக்கு அது எவ்வழியாக வந்து சேரும்? வேன் ஏற்பாடு செய்யும் ஐந்து குடும்பங்கள் அதற்கு விடை காண முடியாது. ஆனால் தங்கள் தாளையாவது திருத்தி எழுதலாம்.

ஓய்வு என்பதற்கு மறுநாள் இன்னும் நன்றாக உழைக்க உடலைத் தேற்றிக் கொள்வது என்றே நாம் பெரும்பாலும் பொருள் கொள்கிறோம். ஜெர்மானியக் கத்தோலிக்கச் சிந்தனையாளர் யோசேப் பீப்பர் 1948இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். உழைப்புக்காக ஓய்வு என்று சொன்னால் மனிதன் ஓய்விலும் உழைப்பாளியாகவே இருந்துவிடுகிறான் என்பது அவர் கருத்தின் சாரம். பன்னிரண்டு இடங்கள் கொண்ட எங்கள் தாள் அதற்கு நல்ல சான்று. விடுமுறையையும் ஒரு வேலைநாளாக ஆக்கி, எத்தனை முடித்தோம் என்று தார் எண்ணுவதைப்போல் எண்ண வைத்திருந்தோம்!

இனி அந்தக் கரையில் வாழ்பவரை நினைப்போம். நமக்குக் காட்சியாக இருப்பது அவர்களுக்கு வயல். தூய அலங்கார உபகார மாதா ஆலயத்தின் வெண்கோபுரத்தைப் படம் எடுக்காத பயணி இல்லை; அதைச் சுற்றியுள்ள மீனவர் தெருக்களில் யார் வாழ்கிறார் என்று கேட்பவர் சிலரே. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மக்கள் பெரும்பாலும் கடலுக்குச் செல்வதில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஒரு ஞாயிறு. ஆழிப்பேரலை அன்று காலை அவர்களைக் கரையிலேயே கண்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கொளச்சலும் கீழமணக்குடியும் பேரிழப்பைச் சந்தித்தன. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தையே கடல் பெயர்த்துச் சென்றது. அன்று விவேகானந்தர் பாறையில் சிக்கித் தவித்த சுற்றுலாப் பயணிகளைக் கரை சேர்க்க மீனவர்களின் படகுகளும் சென்றன. தம் தெருவில் சாவு விழுந்த நாளில், படம் எடுக்க வந்தவர்களைக் காப்பாற்றப் போனவர்கள் அவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்த மாவட்டத்து மீனவர் பலர் திரும்பவே இல்லை.

அப்படியானால் அந்தக் கடலைக் கண்டு மகிழ்வது தவறாகுமா? இழவு வீட்டுக்குச் செல்வது போல்தான் செல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அம்மக்களே மாலையில் கரையில் அமர்ந்து காற்று வாங்குகிறார்கள். ஆனால் ஒருவர் வீட்டு முற்றத்தில் மகிழ்ந்திருப்பதற்கென்று ஒரு நடை உண்டு. அவர்கள் வலை உலர்த்தும் இடத்தில் எச்சில் இலையை வீசாதிருத்தல், கேளாமல் அவர்கள் பிள்ளைகளைப் படம் பிடிக்காதிருத்தல், சங்கு மாலை விற்கும் பெண்ணிடம் ஐந்து ரூபாய்க்காக அரை மணி நேரம் வாதாடாதிருத்தல் ஆகியவை சிறியவைதாம். நாம் ஓய்வு எடுக்கும் ஞாயிறு, அந்த விற்பனைப் பெண்ணுக்கு வேலை மிகுந்த நாள் என்பதையும் எண்ண வேண்டியிருக்கிறது. அந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று எங்களுக்கும் தெரியவில்லை. வாங்காமல் வந்துவிடுவதால் அவருக்கு ஓய்வு கிடைத்துவிடப் போவதில்லை.

அங்கே நிற்கும் வள்ளுவர் சிலை 133 அடி என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அச்சிலையில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் அத்தனை. அதன் மேல் உருவம் 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த தொகை. கணபதி ஸ்தபதி அப்படி அளந்து அமைத்தார். இன்பத்திற்குச் சிற்பி இடம் மறுக்கவில்லை, எதன்மேல் அது நிற்க வேண்டும் என்பதை மட்டும் காட்டியிருக்கிறார் என்று ஆசிரியர் விளக்கியபோது, "அப்படியானால் பீடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?" என்று கல்லூரியில் படிக்கும் இளைஞன் ஒருவன் கேட்டுவிட்டான். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவன் வருத்தம் நியாயமானது. கண்ணாடிப் பாலத்தில் நடப்பதற்காகவே அவன் இந்தப் பயணத்தை முன்மொழிந்தவன். முதியவரை நினைத்து இளையவரை மறப்பதும் அதே தவறின் மறுபக்கம்தான்.

மூன்றாம் மாலை ஆசிரியரே பேனாவை எடுத்தார். பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பது தெரிந்ததால் அதற்காக யாரும் வருந்தத் தேவையில்லாமல் போயிற்று. அருவி போயிற்று, குற்றாலம் நமக்கு அருகிலேயே இருக்கிறதே. தொட்டிப்பாலம், முட்டம், சுசீந்திரம், வட்டக்கோட்டை ஒவ்வொன்றாகக் கோடு வாங்கின. காற்றாடிமலையை அடிக்கும்போது அவர் கை சற்று நின்றது. அங்கே தனியாக ஒரு முறை செல்வோம் என்று ஓரத்தில் எழுதி வைத்தார். எஞ்சியவை மிகச் சில. சனி இரவு கூலி வாங்கிய பின், ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு வேன் புறப்படும். கரையில் சூரிய உதயம்; மாதா ஆலயத்தில் அவ்வூர் மக்களோடு திருப்பலி; அதன்பின் இளைஞர்கள் படகு வரிசைக்குப் போகலாம், எத்தனை மணி நேரமானாலும் நிற்கலாம். விரும்பியவர்கள் சற்று நடந்து சுனாமி நினைவிடத்தையும் காந்தி மண்டபத்தையும் பார்க்கலாம். மற்றவர்கள் கடலோரம். மார்கழியில் சூரியன் தென்மேற்கே கடலுக்குள் மறைவதும் தெரியும். ஆடியில் சென்றால் அது வாய்க்காது. இரவு தங்கி, திங்கள் காலை கோட்டாறு பேராலயத்தைக் கண்டு மதியத்திற்குள் ஊர் திரும்புவது. ஆச்சிக்கு ஒரு நாள் கூலிதான் போகும்.

அந்த ஒரு நாள் கூலியை எங்களுக்குள் பங்கிட்டுக் கொள்ளலாம் என்ற பேச்சை அவர் காதில் விழாமல் பேசினோம். விழுந்துவிட்டது. "இருபது பேருக்குப் புளியோதரை நான் கட்டித் தாரேன். சாமான் உங்களது, கை என்னது" என்றார். அத்தோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. வீடுகளை யார் பார்த்துக் கொள்வது என்ற கேள்வி மட்டும் முடிவாகவில்லை; பூட்டினால் போதும் என்றார் ஒருவர், பக்கத்துத் தெருவில் சொல்லிவைப்போம் என்றார் இன்னொருவர்.

எழுந்து போகும்போது ஆச்சி திரும்பி நின்று, "தறி மாதிரிச் சத்தம் போடும்னு சொல்லுதாகளே, ராத்திரியும் நிக்காதா?" என்று கேட்டார். நிற்காது என்றோம்.