மண்டபத்தில் வாசிப்பவர் யார்?



கலியாணம் முற்றாகி, கோவிலில் பூசைக்கு நாள் குறித்து, மண்டபத்துக்கு முற்பணமும் கட்டிய பின் வீட்டில் எழுகின்ற கேள்விகளுள் ஒன்று, வாத்தியக்காரரைப் பிடிப்பதா, டி.ஜே.யைப் பிடிப்பதா என்பது. மணமக்களுக்கு ஒரு விருப்பம், பெற்றோருக்கு இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் தமையனுக்கு மூன்றாவதாக ஒன்று. இதெல்லாம் ஒரு மறைப் பத்திரிகையில் எழுத வேண்டிய விஷயமா என்று உங்களிற் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். நமது மகிழ்ச்சிக்காக யாரை வேலைக்கு அமர்த்துகிறோம், அவரை எப்படி நடத்துகிறோம், அந்த மகிழ்ச்சியால் அயலவருக்கு என்ன நேர்கிறது என்பவை ஒழுக்கத்தைச் சார்ந்த கேள்விகள் என்றால், இதுவும் அவ்வாறான ஒரு கேள்வியே.

முதலில் ஒரு தவறான வாதத்தை அகற்றிவிடுவோம். "அந்தக் காலத்தில் வாத்தியம், இந்தக் காலத்தில் இயந்திரம்; ஆகவே காலம் கெட்டுவிட்டது" என்று முதியோர் சொல்வதுண்டு. அது சரியன்று. தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி இசைத்தட்டுப் போட்ட காலத்தை அவர்களே கண்டவர்கள். எந்த ஒழுங்கையில் கலியாணம் என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே ஊர் அறிந்துகொண்டது. இன்றைய டி.ஜே. அந்த இசைத்தட்டுக்காரரின் பேரப்பிள்ளை, அவ்வளவுதான். வாத்தியத்திலும் பழையது புதியது என்ற பேதம் அதிகம் நிலைப்பதில்லை. பைலா போர்த்துக்கேயர் வழியாக வந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் 1970களில் கிற்றாரோடு பொப் பாடல்களைப் பாடியபோது, இது என்ன கூத்து என்று கேட்ட பெரியவர்கள் இருந்தார்கள். இன்று அதே பாடல்களைத்தான் பேரப்பிள்ளைகளின் கலியாணத்தில் முதியவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள்.

ஆகவே பழைமை ஒரு நியாயமாகாது. வேறு நியாயம் உண்டா?

12ஆம் பத்திநாதர் பாப்பரசராயிருந்த காலத்தில், 1958 செப்டெம்பர் 3ஆம் திகதி, உரோமாபுரியிலிருந்து திரு இசை பற்றிய அறிவுறுத்தல் ஒன்று வெளியாயிற்று. வழிபாட்டிலே மனிதன் தன் கையால் வாசிக்கும் கருவிகளையே பயன்படுத்த வேண்டும். கிராமபோன், வானொலி, ஒலிப்பதிவுக் கருவி போன்றவை பாடகருக்குப் பதிலாக வரலாகாது என்று அது கூறிற்று. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. வழிபாடு என்பது அங்கே நிற்பவர்கள் ஒப்புக்கொடுக்கும் ஒன்று. இசைத்தட்டு எதையும் ஒப்புக்கொடுப்பதில்லை.

மண்டபம் கோவிலல்ல. அந்த விதியை விருந்துக்குச் சுமத்த யாருக்கும் உரிமையில்லை, நானும் சுமத்தவில்லை. ஆயினும் அதன் உள்ளே இருக்கும் எண்ணத்தைக் கொஞ்சம் கடன் வாங்கலாம். வாசிப்பவர் ஒருவர் நம் முன்னே இருக்கும்போது, அவர் நம்மைப் பார்த்து வாசிக்கிறார். பெண் வரச் சுணங்கினால் பாட்டை நீட்டுவார். பந்தி தொடங்கினால் வாத்தியத்தைத் தாழ்த்துவார். நல்ல டி.ஜே.யும் கூட்டத்தைக் கவனிப்பவரே என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். எனவே இந்த வேறுபாட்டை நான் பெரிதாக்கவில்லை. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று.

நாதஸ்வரமோ, தவிலோ, வயலினோ, பாண்ட் வாத்தியத்தின் எக்காளமோ, எதுவானாலும் கற்க ஆண்டுகள் பல வேண்டும். கற்றவன் வாசிப்பதற்கு இடம் வேண்டும். எங்கள் பிரதேசங்களில் அவனுக்குள்ள இடங்கள் திருவிழாவும் கலியாணமுமே. 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி யாழ்ப்பாணத்து மண்ணில் தோன்றித் தமிழ்நாட்டையும் வியக்க வைத்தவர். அத்தகைய ஒருவர் வெறுமையிலிருந்து வருவதில்லை. பெயர் தெரியாத நூறு வாத்தியக்காரர் ஊரூராக வாசித்துப் பிழைத்த இடத்தில்தான் பெயர் பெற்ற ஒருவர் எழும்புவார். கலியாண வீடுகள் கதவடைத்தால், தகப்பனின் கருவியை எடுத்துப் பழகும் பையன் அதைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை தேடிப் போவான். அவனைக் குறைசொல்ல முடியுமா? டி.ஜே. ஒலிக்கவிடும் பாடலைப் பாடியவரோ எங்கேயோ இருக்கிறார். நமது கலியாணம் அவருக்குத் தெரியாது. நாம் செலவழிக்கும் பணம் நம் ஊரில் ஒருவனைக் கலைஞனாக வைத்திருக்க உதவுகிறதா என்று கேட்டால், வாத்தியக்காரரின் பக்கமே தராசு சாய்கிறது. என் மனமும் அந்தப் பக்கமே.

ஆனால் கடன்பட்டு வாத்தியம் பிடியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்குக் கொடுப்பதிலும் பார்க்க ஒரு டி.ஜே.க்குக் கொடுப்பது பெரும்பாலும் குறைவு. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்ற மடலில், உடையும் விருந்தும் அழைப்பிதழும் மணமக்களின் பணத்தை மட்டுமன்றி மகிழ்ச்சியையும் உறிஞ்சிவிடுகின்றன என்று வருந்துகிறார்; செலவுக்கு அஞ்சித் திருமணத்தையே தள்ளிப்போடுவோர் பற்றியும் பேசுகிறார். சீதனக் கடனோடு வாத்தியக் கடனும் சேர வேண்டுமா? இரண்டு பேர் வாசித்தாலும் வாத்தியமே. பங்கின் பாடகர் குழுவில் கீபோட் வாசிக்கும் பிள்ளையும் ஒரு பாடகியும் போதும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் கலியாணம் கலியாணந்தான்.

இனி, இரு தரப்பாருக்கும் பொதுவான ஒரு விஷயம். கானாவூர்த் திருமணத்தை அருளப்பர் விவரிக்கும்போது ஒரு சிறு குறிப்பைச் சேர்க்கிறார். திராட்சை இரசம் எங்கிருந்து வந்ததெனப் பந்தி மேற்பார்ப்பவனுக்குத் தெரியாது. தண்ணீர் மொண்ட பணியாளருக்குத் தெரியும். விருந்தில் முதல் அற்புதத்தை அறிந்தவர்கள் கூலிக்கு நின்றவர்களே. நமது விருந்துகளில் கூலிக்கு நிற்பவர்கள் எதை அறிகிறார்கள்? எல்லாரும் உண்ட பின் ஆறிய சோறு. பந்தலின் பின்புறத்தில் ஓர் ஓரம். நள்ளிரவில், "மிச்சக் காசை நாளைக்கு வந்து வாங்குங்கோ" என்ற பேச்சு. டி.ஜே.யாக வரும் பொடியன் பெட்டிகளைத் தவணைக் கடனில் வாங்கியவனாயிருப்பான். அவனிடம் வெறியில் பாட்டுக் கேட்டுச் சண்டை பிடிக்கும் சித்தப்பாமாரும் உண்டு. கொடாமல் வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாகப்பர் எழுதியது வயலில் அறுவடை செய்தவர்களைப் பற்றி. வயலுக்கு வேறு நீதி, மண்டபத்துக்கு வேறு நீதியா?

சத்தத்தைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. இதில் இசைக்குழுவும் யோக்கியமானதன்று. மேளமும் மின்சாரக் கிற்றாரும் சேர்ந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. கனடாவிலிருந்து இருபது வருடங்களுக்குப் பின் வந்த மச்சாளோடு சைகையாலா பேசுவது? இசை நடக்கும் இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் வரையறுத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கலாகாது என்பதை நமது நாட்டு உயர் நீதிமன்றம் 2007இல் பொது விதியாக்கிற்று. இவற்றுக்கெல்லாம் முன்னரே நம் ஊர்களில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. அயலில் செத்தவீடு என்றால், கலியாண வீட்டில் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"இளசுகள் ஆட வேண்டாமா?" என்று கேட்பீர்கள். ஆடட்டும். பெரியவர்கள் உண்டு, பேசி, மணமக்களை வாழ்த்திப் போகும்வரை வாத்தியம் இருக்கட்டும். பிறகு ஒரு மணித்தியாலம் பிள்ளைகள் தங்கள் பாட்டைப் போடட்டும். ஆனால் தீர்மானிப்பவர்கள் மணமக்களாயிருக்க வேண்டும். காசு அனுப்பியவர் என்பதற்காகத் தமையன் தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லலாகாது. யாரைப் பிடித்தாலும், பேசும்போதே நேரம், கூலி, சாப்பாடு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் பந்தியிலேயே அவர்களுக்கும் இலை போடுங்கள். மிகுதிப் பணத்தை ஓர் உறையில் இட்டு, அன்றிரவு குடியாமல் இருக்கக்கூடிய ஒரு மாமனாரிடம் முன்கூட்டியே ஒப்படைத்து வையுங்கள். தேடினால் ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒருவர் அகப்படுவார்.