இறங்கும் படிகள்

அக்கா மகனுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். ஸ்ரீரங்கத்தில் ஒன்னாம் நம்பர் பஸ் ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்கியதுமே "மாமா, தூக்கிக்கோ" என்றான். தூக்கவில்லை. பையன் சோம்பேறி, மொபைலைப் பிடுங்கிவிட்டு நாலு படி ஏறவிட்டால் சரியாகிவிடுவான் என்பது வீட்டில் எல்லோருடைய தீர்ப்பு. நிறைவேற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். உச்சிப் பிள்ளையார் வரை நானூறுக்கும் மேற்பட்ட படிகள். முட்டியில் கையை ஊன்றி ஊன்றி ஏறினான். இறங்கும்போது அழுதான். "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று கேட்டேன்.

அவனுக்குக் கெண்டைக்கால் மட்டும் திரண்டிருக்கும். "அப்படியே தாத்தா கால்டா" என்போம். தசை அழிந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்துகொண்ட திரட்சி அது என்று அடுத்த வருடம் டாக்டர் சொன்னார். டுஷேன் தசைச் சிதைவு நோய்.

நான் சாஃப்ட்வேர்காரன். ஏதாவது உடைந்தால் எந்த வரியில் உடைந்தது என்று தேடாமல் தூக்கம் வராது. அதனால் படிக்க ஆரம்பித்தேன்.

பள்ளியில் செல் என்றால் ஒரு தண்ணீர்ப் பை, நடுவில் உட்கரு என்று வரைந்தோம். உண்மையில் அதற்குள் ஒரு எலும்புக்கூடு இருக்கிறது. நம் எலும்பு மாதிரி நிலையானது அல்ல. ஆக்டின் இழைகளும் நுண்குழாய்களும் நொடிக்கு நொடி கட்டப்பட்டு, பிரிக்கப்பட்டு, மறுபடி கட்டப்படுகின்றன. தசை உருவாகும்போது இளம் செல்கள் நீண்டு, வரிசையில் நின்று, ஒன்றோடொன்று கலந்து, நூற்றுக்கணக்கான உட்கருக்கள் கொண்ட ஒரே இழையாகின்றன. அந்த நீட்சியையும் கலப்பையும் நடத்துவது இந்தக் கூடுதான்.

2006இல் ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் அவர்கள் குழுவும் எலும்பு மஜ்ஜையின் மூலச்செல்களை வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களில் வளர்த்தார்கள். மூளை போல மென்மையான ஜெல்லில் இருந்தவை நரம்பு செல்லின் சாயலை எடுத்தன; தசையின் விறைப்பில் இருந்தவை தசை செல்லின் சாயலை; இன்னும் கடினமானதில் எலும்பு செல்லின் சாயலை. உள்ளே இழுவிசை தரும் மயோசினை மருந்தால் நிறுத்தியதும் இந்த வேறுபாடு நின்றுபோனது. அதாவது செல் தரையை இழுத்துப் பார்த்துத்தான் தான் யாராக வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது.

இதை நான் ஆறு மாதம் எல்லோரிடமும் சிலிர்ப்போடு சொல்லிக்கொண்டிருந்தேன். விதியா சூழலா என்ற பழைய சண்டைக்கு மூன்றாவது பதில் கிடைத்த மாதிரி. பிறகு மருமகன் ஃபைலுக்குத் திரும்பினால் சிலிர்ப்பு அடங்கிவிடும். இழுப்பதற்குப் பிடிமானம் வேண்டுமே. தசை இழையில் ஆக்டினை செல்லின் வெளிச்சுவரோடு கட்டிவைப்பது டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம். நம் ராஜகோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்த அதே 1987இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அது இல்லையென்றால் ஒவ்வொரு சுருக்கத்திலும் சுவர் கிழிகிறது. சேதத்தைச் சரிசெய்ய வரும் மூலச்செல்களுக்கும், பிரியும்போது எந்தப் பக்கம் எது என்று திசை காட்ட அந்தப் புரதம் வேண்டும். 2015இல்தான் இது தெரிந்தது. கிழிசலும் தைக்கிற ஊசியும் ஒரே இடத்தில் பழுது.

அந்த மரபணு 22 லட்சம் எழுத்துகள் நீளம். மூன்று மூன்றாகப் படிக்கப்படுவது. வரிசை குலையாமல் விடுபட்டால் பெரிய இழப்பைக்கூடத் தாங்கும்: புரதத்தில் 46 சதவீதம் இல்லாத ஒருவர் 61 வயதிலும் நடந்துகொண்டிருந்தார் என்று 1990இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வரிசை குலைந்தால் ஒரே எழுத்து போதும். இதில் நியாயம் எங்கே என்று கேட்டால் கேள்வியே அர்த்தமற்றது. ஆனால் அடையவளைஞ்சான் தெருவில் அதைத்தான் கேட்டார்கள். "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லையே" என்று அத்தானின் அம்மா சொன்னபோது அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். சுமார் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு இந்தப் பிழை அம்மாவிடம் இருந்து வருவதில்லை, புதிதாக நேர்கிறது. அக்கா அந்த மூன்றில் ஒன்றில் இல்லை. பரிசோதனைக் காகிதம் அவள் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

அறியாமல் கடத்தியதற்குக் குற்றமில்லை என்று அவளிடம் நூறு முறை சொல்லியிருக்கிறேன். என் விஷயத்தில் அந்த வாதம் ஒட்ட மறுக்கிறது. படி ஏறுவதைவிட இறங்குவதுதான் இந்தத் தசைகளை அதிகம் கிழிக்கும், நீண்டுகொண்டே சுருங்க வேண்டியிருப்பதால். ஒரு நாள் இறங்கியதால் எதுவும் மாறியிருக்காது என்றார் டாக்டர். சரி. ஆனால் அவள் கடத்தியபோது அவளிடம் யாரும் அழவில்லை. என்னிடம் ஒருவன் அழுதான். எனக்குத் தெரியாதது நோயின் பெயர் மட்டும்தான், வலி தெரியாததல்ல.

இராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் உடல் என்பதற்கு ஓர் இலக்கணம் சொல்கிறார்: ஓர் உயிர் தன் பொருட்டுத் தாங்கவும் நடத்தவும் கூடிய பொருள், அந்த உயிருக்கே உரியதாக இருப்பது. அப்படியானால் செயலிழந்த உடல்? அதையும் அவரே எடுத்துக்கொள்கிறார். நடத்தும் சக்தி இல்லாமல் போகவில்லை, தடைப்பட்டிருக்கிறது. நெருப்பின் சூடு சில சமயம் தடுக்கப்படுவதைப் போல என்கிறார். (டிஸ்ட்ரோஃபினை அன்றே சொல்லிவிட்டார் என்று தயவுசெய்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.) எனக்குப் பிடித்தது அவர் அந்த உடலை விதிவிலக்காக ஒதுக்காததுதான். நாங்கள் "சோம்பேறி" என்றபோது அவனிடம் சக்தி இருக்கிறது, மனம்தான் இல்லை என்று சொன்னோம். உண்மையில் மனம் இருந்தது. மயோசின்கூட இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

இறங்கும் படிகளைப் பற்றி நான் படித்ததை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. போன மாதம் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். மருமகன் வீல்சேரில் இருந்து, பக்கத்து வீட்டுப் பையனிடம் அளந்துகொண்டிருந்தான்: "நான் உச்சி வரைக்கும் ஏறியிருக்கேன்டா. காவேரி தெரியும், கொள்ளிடம் தெரியும், நம்ம கோபுரம் இத்துணூண்டு தெரியும். மாமாவக் கேளு."

"ஆமாடா" என்றேன்.