அய்யூப் நபியின் கூட்டாளிகள்

2005 ஜனவரியில், கல்முனைக்குடியில் ஒரு பாடசாலை வகுப்பறையில், இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்திருந்த ஒரு தாயிடம் நான் ஸபூரைப் பற்றிப் பேசினேன். அகதி முகாமாகியிருந்த வகுப்பறை அது. விடுமுறைக்கு முன் யாரோ எழுதிய கணக்கொன்று கரும்பலகையில் அழியாமல் இருந்தது. அவர் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்தவர். எனக்கு ராத்தா முறை. "ஸபூர் செய்யுங்க ராத்தா, அய்யூப் நபியப் பாருங்க, எவ்வளவு சோதனை, எவ்வளவு பொறும" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அய்யூப் நபிக்கு அல்லாஹ் புள்ளைகளத் திருப்பிக் குடுத்தான் தம்பி. எனக்கு?" என்றார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. மறுமையைப் பற்றி ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்து வந்தேன். நான் சொன்னதில் பிழை எதுவும் இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். பிழை எங்கே என்று கண்டுகொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தன.

2004 டிசம்பர் 26 ஞாயிறு, போயா தினம். காலை ஒன்பது மணியளவில் கடல் ஊருக்குள் வந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று கடலை அணைத்தபடி நெருக்கமாகக் கிடக்கும் ஊர்கள் எங்களுடையவை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை பேர் இறக்கவில்லை. ஒரே குழியில் பலரை அடக்கினோம். அடக்கியவர்களுக்கு அழ நேரமிருக்கவில்லை. அழுகை பிறகு வந்தது. அதோடு விளக்கங்களும் வந்தன.

ஏன் வந்தது என்ற கேள்விக்கு ஊரில் ஒவ்வொருவரிடமும் ஒரு விடை இருந்தது. பெண்களின் உடை என்றார் ஒருவர். வட்டி என்றார் மற்றவர். தொலைக்காட்சி, கடற்கரைக் களியாட்டம், கந்தூரி, கந்தூரியை விட்டது என்று பட்டியல் நீண்டது. (கந்தூரி இரு பக்கத்துக்கும் காரணமாயிற்று என்பதை அன்று யாரும் கவனிக்கவில்லை.) களுத்துறைக் கரையிலிருந்து அலை பின்வாங்கும்போது செய்மதி எடுத்த படத்தின் பிரதி ஒன்றும் கை மாறிக்கொண்டிருந்தது. நீரின் சுழிப்பில் அறபு எழுத்தில் அல்லாஹ்வின் பெயர் தெரிகிறது என்றார்கள். அதைப் பார்த்து அழுதவர்களையும் கண்டேன், ஆறுதல் கொண்டவர்களையும் கண்டேன். பிள்ளையை இழந்த ஒருவர் படத்தைக் கையில் வாங்காமலே போனதையும் கண்டேன்.

இது நமக்கு மட்டுமான வியாதியல்ல. 1934 ஜனவரியில் பீஹாரில் பூமி அதிர்ந்தபோது, தீண்டாமை என்ற பாவத்துக்கு இறைவன் அனுப்பிய தண்டனை அது என்று காந்தி திருநெல்வேலியில் வைத்துச் சொன்னார். நோக்கம் உயர்ந்தது, தண்டிக்கப்பட்டோரில் தன்னையும் சேர்த்தே சொன்னார். ஆனாலும் தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். நல்ல காரியத்துக்காகவும் பிறருடைய பிணங்களை ஆதாரமாக அடுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுவது அந்த விவாதத்தை வாசித்த பிறகுதான்.

நம்மிடமே இதைவிடத் தெளிவான முன்மாதிரி இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்றாஹீம் மரணித்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்த மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மார்க்கப் பிரசாரம் செய்பவருக்கு இதைவிட வாய்ப்பான தருணம் வேறென்ன? நபியவர்களோ அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய வாழ்வுக்காகவும் மரணத்துக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்ற கருத்தைச் சொல்லித் தொழுகைக்கு அழைத்தார்கள். மகனுக்காக அவர்கள் கண்ணீர் விட்டார்கள் என்பதும் ஹதீஸில் இருக்கிறது. அழுகையும் தொழுகையும் இருந்தன. விளக்கம் மட்டும் இல்லை.

அய்யூப் நபியிடம் திரும்புகிறேன். உம்மம்மா சொன்ன கதையில் அவருடைய உடம்பிலிருந்து புழு விழும். அவர் அதை எடுத்து மீண்டும் புண்ணில் வைப்பார். சிறுவயதில் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். குர்ஆனில் புழு இல்லை. அவருடைய பெயர் நான்கு இடங்களில் வருகிறது. வரலாறு அன்பியா, ஸாத் ஆகிய இரு சூறாக்களில் மட்டும், ஆறே வசனங்களில் முடிந்துவிடுகிறது. துன்பம் தன்னைத் தீண்டிவிட்டதென்றும் இறைவன் கருணையாளர்களில் மிகப் பெரிய கருணையாளன் என்றும் அவர் சொல்கிறார். ஏன் தீண்டியது என்று அவரும் கேட்கவில்லை, றப்பும் சொல்லவில்லை. காலால் பூமியை உதைக்கச் சொல்கிறான். குளிர்ந்த நீர் வருகிறது.

பைபிளில் இதே நபி யோபு என்ற பெயரில் 42 அதிகாரங்களுக்குப் பேசுகிறார். கல்முனையில் என்னோடு படிப்பித்த மெதடிஸ்த நண்பர் ஒருவர் அந்நூலைத் தந்தார். இஸ்ராயீலிய்யாத்தை எங்கே வைத்து வாசிக்க வேண்டும் என்பது இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அதிலுள்ள மூன்று பேரை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற யோபுவின் கூட்டாளிகள். முதலில் வந்து ஏழு நாளும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் இருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல மனிதர்கள். பிறகு வாயைத் திறக்கிறார்கள். இறைவன் நீதியாளன், காரணமில்லாமல் தண்டிக்க மாட்டான், ஆகவே நீ பாவம் செய்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. பில்தாத் ஒரு படி மேலே போகிறார்; புயலில் வீடு இடிந்து செத்த பிள்ளைகளின் கதியையும் அவர்களுடைய பாவத்தோடு முடிச்சுப் போடுகிறார். அவர்களுடைய பேச்சில் பாதியைப் பெயர்த்து எங்கள் மிம்பர்களில் ஓதலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கடைசியில் இறைவன் கோபம் கொள்வது, முறையிட்டுக் கதறிய யோபுவின் மீதல்ல, தனக்காக வாதாடிய இந்தக் கூட்டாளிகளின் மீது. யோபு அவர்களுக்காகப் பிரார்த்தித்தால்தான் அவர்களுக்கு விமோசனம்.

இதை வாசித்த இரவு எனக்கு அந்தக் கரும்பலகை நினைவுக்கு வந்தது. நான் ராத்தாவைப் பாவி என்று சொல்லவில்லைதான். ஆனால் அய்யூப் நபியின் பொறுமை அய்யூப் நபி தனக்காக எடுத்துக்கொண்டது. அதை ஒரு அளவுகோலாக்கி இன்னொருவரின் பக்கத்தில் நிறுத்தியது நான். என் வீட்டில் சுவர் ஈரமானதைத் தவிர வேறெதுவும் நடந்திருக்கவில்லை.

மௌலவி நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பொறுமையைக் கொண்டு ஒருவருக்கொருவர் உபதேசிக்க வேண்டும் என்று அஸ்ர் சூறா சொல்லவில்லையா என்று கேட்டார். கப்றடியில் அழுத பெண்ணுக்கு நபியவர்களே ஸபூரைச் சொன்னார்களே என்றார். நியாயமான கேள்வி. அந்த ஹதீஸை இருவரும் எடுத்துவைத்துப் பார்த்தோம். அந்தப் பெண், சொன்னவர் யாரென்று அறியாமல், என்னை விட்டுப் போங்கள், எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரவில்லை என்ற பொருள்படப் பதில் சொல்கிறாள். நபியவர்கள் கோபப்படவில்லை. தாம் யாரென்று சொல்லவில்லை. இத்தனைக்கும் தம் பிள்ளைகளைத் தம் கையாலேயே மண்ணில் வைத்தவர்கள் அவர்கள். எனக்கும் நேர்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் அகன்று போனார்கள். அவள் பிறகு தேடிவந்தபோதுதான் பொறுமை என்பது முதல் அடியிலேயே என்று சொன்னார்கள். அஸ்ர் சூறாவின் சொல்லும் ஒருவருக்கொருவர் என்பதுதான். பலத் சூறாவில் பொறுமையோடு கருணையும் சேர்ந்தே வருகிறது. மௌலவி முழுதாக உடன்படவில்லை. நானும் அவரை விட்டுவிட்டேன்.

ஸபூர் என்றால் அழாமை என்று நாம் எங்கே படித்தோம்? அழகிய பொறுமை என்ற சொல்லை யூஸுப் சூறாவில் சொல்பவர் யஃகூப் நபி. அதே யஃகூப் நபிதான் மகனை நினைத்து அழுது கண்கள் வெளுத்துப்போனவர். எவ்வளவு காலத்துக்கு யூஸுபை நினைத்து உருகப்போகிறீர்கள் என்று அவரைக் கண்டிப்பவர்கள், யூஸுபைக் கிணற்றில் போட்ட அதே மக்கள்! தன் துக்கத்தை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுவதாக அவர் பதில் சொல்கிறார். அழுகையை நிறுத்துவதாகச் சொல்லவில்லை.

அலையோடு சேர்த்து அன்று அதிகம் பேசப்பட்டது நூஹ் நபியின் மகனின் கதை. பைபிளில் நூஹின் மூன்று மக்களும் கப்பலேறிவிடுகிறார்கள். குர்ஆனில்தான் ஒரு மகன் மலையில் தப்புவேன் என்று சொல்லி, தகப்பனின் கண்முன்னே இருவருக்கும் நடுவில் அலை வர, மூழ்கிப்போகிறான். ஊரில் இதைச் சொன்னவர்கள் மூழ்கியவனின் குற்றத்தை மட்டும் சொன்னார்கள். அந்தத் தகப்பன் பிறகும் கையேந்தி, அவன் என் குடும்பம் அல்லவா என்று றப்பிடம் கேட்டதை விட்டுவிட்டார்கள். அறிவில்லாததைக் கேட்கவேண்டாம் என்று நூஹுக்கே எல்லை போடப்பட்டது. தன் மகனின் கணக்கே ஒரு நபியிடம் இவ்வாறு மூடப்பட்டதென்றால், அயல்வீட்டுப் பிள்ளையின் கணக்கு எனக்கு எப்படித் திறக்கும்? மூழ்கி இறந்தவரும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரும் ஷஹீத் என்ற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மாதத்தில் அதைவிட மற்றதே சத்தமாக ஒலித்தது.

இப்றாஹீம் நபியின் கதையிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. பைபிளில் மகனிடம் எதுவும் கேட்கப்படவில்லை. பலிக்கான ஆடு எங்கே என்று அவன்தான் கேட்கிறான். குர்ஆனில் தகப்பன் கனவைச் சொல்லி, உன் கருத்தென்ன என்று மகனிடம் கேட்கிறார். ஏவப்பட்டதைச் செய்யும்படி மகன் சம்மதிக்கிறான். கட்டளை வந்தது நபிக்கு. அப்போதும் பிள்ளையின் சம்மதமில்லாமல் அவர் கத்தியை எடுக்கவில்லை. எடுத்த கத்தியையும் அல்லாஹ் தடுத்தான்.

இதை எழுதும்போது சாய்ந்தமருதை எழுதாமல் விட முடியவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்ற கூட்டத்தின் மீதிப் பேர், ஏப்ரல் 26 இரவு, படையினர் சுற்றிவளைத்தபோது தங்கள் வீட்டுக்குள்ளேயே குண்டுகளை வெடிக்கச் செய்தார்கள். சொந்தப் பெண்களும் சின்னஞ்சிறு பிள்ளைகளும் அதில் சிதறிப்போனார்கள். அந்த வீடு இருந்தது வொலிவேரியன் கிராமத்தில். சுனாமியில் வீடிழந்த எங்கள் மக்களுக்காக வெனிசுவேலாவின் உதவியோடு எழுந்த குடியிருப்பு அது. அவர்களும் தங்கள் செயலுக்குக் கீழ்ப்படிதல் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் மெதடிஸ்த நண்பரின் வீட்டுக்குப் போனேன். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேற்றடியில் நின்று, திரும்பிவிடலாமா என்று ஒருமுறை யோசித்தேன். அவர் "வாங்கோ" என்றார். விறாந்தையில் இரண்டு கதிரைகளில் இருந்தோம். நான் மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. தேநீர் வந்தது. வெகுநேரத்துக்குப் பிறகு, "யோபுவின் ஏழு நாளை நீங்கள் ஒரு பின்னேரத்தில் முடிக்கப் பார்க்கிறீர்கள்" என்று சிரித்தார்.

பிறகு கொரோனா வந்தது. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி அந்நோயால் இறந்த எல்லோரையும் எரிக்கவேண்டும் என்றது. டிசம்பரில் பிறந்து இருபது நாளான குழந்தை எரிக்கப்பட்டதும், பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 மார்ச் 5ஆம் திகதிதான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்களுக்கு மண் கிடைத்தது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அந்த நடுவில் கொழும்பிலிருந்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழுதார். "வாப்பாட கடமைய நான் செய்யல்லயே. நாளைக்கு அல்லாஹ்க்கிட்ட என்ன சொல்லுவன்?" ஸபூர் என்ற சொல் என் நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சக்திக்கு மீறியதை அல்லாஹ் யார்மீதும் சுமத்துவதில்லை, உன்னிடம் அதைக் கேட்கமாட்டான் என்று மட்டும் சொன்னேன். அதுவும் மார்க்கம்தான், ஆனால் சுமையை இறக்கும் மார்க்கம். மனைவியை அடிப்பதாகச் சத்தியம் செய்துவிட்ட அய்யூப் நபிக்கு ஒரு பிடி புல்லால் அதை முடித்துக்கொள்ளும்படி அல்லாஹ் வழிகாட்டினான். கூடவே துன்பப்பட்ட பெண்ணுக்கு ஒரு பிடி புல்லுக்கு மேல் பாரம் வேண்டாம் என்பதாகத்தான் நான் அதை விளங்கிக்கொள்கிறேன்.

ராத்தாவை இந்த நோன்புக்குச் சற்று முன் சந்தித்தேன். இப்போது அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு பிறந்த மகளின் பிள்ளைகள். பழைய வளவிலேயே இருக்கிறார். சுனாமியன்று உப்பான அந்தக் கிணற்றை அப்போது நாங்கள் பலமுறை இறைத்தோம். இறைக்க இறைக்க உப்புத்தான் வந்தது. அதிகம் இறைத்தால் கடல்நீர் மேலும் ஊறும், மாரி மழைதான் உப்பைக் கழுவவேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. இன்று தண்ணீர் குடிக்கக்கூடியதாக இருக்கிறது. வாளியால் அள்ளித் தந்தார்.

வகுப்பறையில் நான் சொன்னதற்காக வருந்துவதாக ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். "நீங்க வந்தீங்களா தம்பி? எனக்கு ஞாபகமில்ல" என்றார். அந்த நாட்களில் அவருக்கு ஞாபகமிருப்பது இரண்டே விடயங்கள். அம்பாறையிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவந்த சிங்களப் பெண் ஒருத்தி, பாஷை தெரியாததால் ஒன்றும் பேசாமல் அவருடைய தலையைக் கோதிவிட்டுப் போனது. யாரோ தந்த தொழுகைப் புடவை.

"அது ஆர்ர எண்டு இன்னும் தெரியா. திருப்பிக் குடுக்கோணும்" என்றார். வாங்கு சொன்னது. எழுந்து உள்ளே போனார்.