கனவும் பொறுப்பும்

விடியற்காலைக் கனவிலிருந்து விழித்தவன், கண்டதை நினைவில் ஓட்டி, 'இனிக் காண்பதைக் கனவென்று அறிவேன்' என்ற சங்கல்பத்துடன் மறுபடி தூங்கினால் பிரக்ஞையோடு கனவுக்குள் நுழைய முடியும். ஸ்டீபன் லபெர்ஜ் 1980இல் விவரித்த முறை இது. பயிற்சியால் யாருக்கும் கைகூடலாம். டச்சு எழுத்தாளர் வான் ஈடன், இவ்விதக் கனவுகளில் இறந்தவர்களைச் சந்தித்ததாக 1913இலேயே எழுதியிருக்கிறார்.

எனக்கும் கைகூடியது. அப்பா திண்ணையில் இருந்தார். அவருடைய கடைசி மாதங்களில் அவரோடு பேசாதிருந்தவன் நான். கனவென்று தெரிந்தே, என்னை மன்னித்துவிட்டதாக அவரைச் சொல்லவைத்தேன். சொன்னார். விழித்ததும் மிஞ்சியது கூச்சம்தான். காசோலைக் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் ஜீவனம். இது யார் போட்ட கையெழுத்து என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கனவில் பாவத்துக்கு இசைந்ததைப் பற்றி அகஸ்டின் தன் சுயவிசாரணையின் பத்தாம் புத்தகத்தில் கேட்டுக்கொள்கிறார்: அப்போது நான் நானாக இல்லையா? விழிப்புக்கும் தூக்கத்துக்கும் உள்ள இடைவெளியில் அவர் மனசாட்சி ஆறுதல் காண்கிறது. அறிந்தே நுழைகிறவனுக்கு அந்த இடைவெளி இல்லை.

கனவில் வருகிறவர்கள் என் சிருஷ்டிதானே, யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. அவர் சொல்லாமல் போன சொல்லின் இடம் என்னுள் காலியாக இருந்தது. இப்போது அங்கே ஒரு போலி உட்கார்ந்திருக்கிறது.

இனி நுழைந்தால் திண்ணையில் பக்கத்தில் உட்காருவதோடு சரி. அவருடைய மௌனமும் என் சிருஷ்டிதான். ஆனால் அதில் பொய் இல்லை.